கையால் போட்ட நட்டு

ஒரே அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பேர், ஒரே காரைப் பழுது பார்க்க, ஆளுக்கொரு டூல் பெட்டி வாங்கி ஆளுக்கொரு பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். பெரியவன் பெட்டி ஷெட்டின் வலது மூலையில், சின்னவன் பெட்டி இடது மூலையில், நடுவில் கார். சமையலறைக்கும் ஷெட்டுக்கும் இடையில் இருந்த கதவில் நின்றுகொண்டு இவன் சொன்னதை அவனிடமும் அவன் சொன்னதை இவனிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருத்தி. அவர்களுக்கு நடுவில் பிறந்தவள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் நடுக்குட்டி. ஐம்பதைத் தொடப்போகிறாள், கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, ஆனாலும் இன்னும் குட்டிதான்.

அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின், அதைச் சுற்றிப் பிறத்தியார் கால்சட்டைகள், இடுப்பு பிடிக்க வேண்டியவை ஒரு குவியல், பிரித்து விட வேண்டியவை இன்னொரு குவியல். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அப்பா இருந்தவரைக்கும் அவருக்குத் துணையாக இருந்தாள், அவர் போனபின் அந்த வீட்டில் அவளும் மெஷினும் ஷெட்டில் கிடந்த காரும்தான்.

கார் அப்பாவுடையது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையைக் கழற்றி வைக்கிற, தரையோடு தரையாகக் கிடக்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மூன்று பிள்ளை பெற்ற மனுஷன் இரண்டு சீட் வண்டியை எந்தக் கணக்கில் வாங்கினார் என்று அம்மா சாகும்வரை கேட்டாள். அவர் சிரிப்பதோடு சரி. ஒருநாள் கிளட்ச் போனது என்று ஷெட்டில் விட்டுக் கதவைச் சாத்தியவர், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அந்த நாளை வரவே இல்லை. காரின் மேல் தார்ப்பாய், அதன் மேல் பழைய மெத்தை, உடைந்த நாற்காலி, காலி டப்பாக்கள் என்று ஏறிக்கொண்டே போயின. எலிகளுக்கு மட்டும் அது மாளிகையாக இருந்தது.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது அப்பா செத்த அன்றைக்கு. முதல்நாள் சாயங்காலம் நெஞ்சு அடைக்கிறது என்று அவர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவன் பெரியவன். வாயுவாக இருக்கும் என்று வெந்நீர் கொடுத்துப் படுக்க வைத்தான். காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. உறவுக்காரர்கள் அத்தனை பேரும் கூடியிருந்த இடத்தில் சின்னவன் கத்தினான்: "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக உனக்குக் கை வலிச்சுதா? நீதான்டா அவரைக் கொன்னே!" பெரியவன் முகம் அப்போது போன போக்கை நடுக்குட்டி பார்த்தாள்.

காரை ஒருத்தன் விட்டுக்கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இரண்டு பேரும் கொடுக்கவில்லை. பெரியவன் லிஃப்ட் பராமரிப்பு வேலை, ராத்திரி ஷிஃப்ட். அதனால் காலையில் வந்து காரில் கை வைப்பான். சின்னவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான், சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வருவான். ஒருத்தன் போன பிறகுதான் இன்னொருத்தன் வருவான். ஆரம்பத்தில் சேதி சொல்ல ஷெட் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினார்கள். பத்து நாளில் அதில் கார் சமாச்சாரம் ஒரு வரி, வசவு ஏழு வரி என்று ஆகிவிட்டது. "கொலைகாரன்" என்று ஒருநாள் எழுதியிருந்ததைப் பார்த்த நடுக்குட்டி, ஈரத்துணியால் துடைத்து, பலகையையே கழற்றி விறகுக்குப் போட்டாள். "இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

பாவி, அன்றைக்கு அந்தப் பலகையை விட்டு வைத்திருக்கலாம்.

அவளுக்கு உரத்த குரல் ஆகாது. சின்ன வயதில் அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டால் கட்டிலுக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொள்கிறவள். அப்படிப்பட்டவள் கையில் வந்து சேர்ந்த சேதிகளோ ஒவ்வொன்றும் ஒரு கத்தி. "அந்த மகராசன்கிட்ட சொல்லு, வெல்டிங் வைக்கத் தெரியலன்னா கண்ணாடி துடைக்கப் போகச் சொல்லு. தரைத் தகடு வலது பக்கம் இன்னும் ஓட்டை இருக்கு" என்பான் பெரியவன். சாயங்காலம் அவள் சொல்வாள்: "வலது பக்கத் தகட்டுல ஒரு ஓட்டை விட்டுப்போச்சாம்ப்பா. மத்தபடி நல்லா வந்திருக்காம்." சின்னவன் நிமிர்ந்து பார்ப்பான். "அவனா சொன்னான்?" "பின்ன, நானா சொல்றேன்? எனக்கு வெல்டிங்கைப் பத்தி என்ன தெரியும்?"

முதலில் வெட்டினாள், அப்புறம் ஒட்டுப் போட ஆரம்பித்தாள். இன்ஜினைச் சின்னவன் பொறுமையாகப் பிரித்துத் துடைத்ததை அண்ணன் மெச்சியதாக ஒருநாள். அண்ணன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தம்பி விசாரித்ததாக ஒருநாள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், நாலு பொய் சொல்லி அண்ணன் தம்பியைச் சேர்த்தால் என்ன கெட்டுவிடும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். வேலையும் செய்தது அந்தப் பொய். வசவு குறைந்தது. சின்னவன் அண்ணனுக்காக ஃபிளாஸ்க்கில் டீ வைத்துவிட்டுப் போனான். பெரியவன் குடித்துவிட்டு ஃபிளாஸ்க்கைக் கழுவி வைத்தான். அதைப் பார்த்து அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

அதோடு அவள் ஒன்றைக் கவனித்தாள். பெரியவனுக்கு ஒரு பழக்கம். எந்த வேலையைச் செய்துவிட்டுப் போனாலும், "அதுல கை வைக்க வேணாம்னு சொல்லு, வண்டியை நகர்த்த வேணாம்னு சொல்லு" என்று ஒரு வாலைச் சேர்ப்பான். பெயின்ட் காயவில்லை என்றாலும் அதே வால், பல்பு மாட்டினாலும் அதே வால். தம்பிமேல் அவனுக்கு நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான். தினமும் அந்த வாலை அவள் நறுக்கிவிட்டுத்தான் சேதியைக் கொடுப்பாள். ஒருநாளும் ஒன்றும் ஆகவில்லை.

காரைத்தான் அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. சீட்டுக்குப் புது உறை தைத்துக் கொடுத்தவள் அவள்தான். பழைய தோலைப் பிரித்தபோது உள்ளே எலிக்கூடு, காய்ந்த குஞ்சுகள், மக்கிய பஞ்சு. எத்தனை கழுவியும் அந்த வாடை விரலை விட்டுப் போகவில்லை. புதுத் தோலை இழுத்துக் கட்டிச் சோதித்துப் பார்க்க ஒருதடவை அதில் உட்கார்ந்தாள். காலை நீட்டிப் படுத்த மாதிரி, தரைக்கு அவ்வளவு பக்கத்தில். ஷெட் கதவு சாத்தியிருந்தது. என்னவோ மூச்சு முட்டியது, சட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

எல்லாம் முடிந்து ஸ்டியரிங் வேலை மட்டும் பாக்கி இருந்தது. அதைப் பெரியவன் எடுத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலை கை கழுவிக்கொண்டே சமையலறைக் கதவில் நின்றான். ராத்திரி ஏதோ லிஃப்ட் மாட்டிக்கொண்டு தூக்கமே இல்லை போலிருக்கிறது, கண் சிவந்து கிடந்தது.

"அவன்கிட்ட சொல்லு. ஸ்டியரிங்கையும் முன்சக்கரத்தையும் சேர்க்கிற கம்பி மாட்டிட்டேன். நட்டை வெறும் கையாலதான் போட்டிருக்கேன். சரியான அளவுக்கு முறுக்குற ரெஞ்ச் அவன்கிட்டதான் இருக்கு, அதை அவன் பெட்டிக்குள்ள பூட்டி வச்சு அழகு பார்க்கிறான். அவனே முறுக்கட்டும். முறுக்கிட்டு, நட்டு கழண்டு வராம குறுக்க ஒரு பின் போடணும், பின்னு என் பெட்டி மேல இருக்கு. அதுவரைக்கும் வண்டி ஒரு அடி நகரக் கூடாது."

"சரிண்ணே."

"கேளு, இன்னும் முடியல." அவன் குரல் ஏறியது. "அப்பாவை நான்தான் கொன்னேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னான்ல? இப்போ அவன் கையில இருக்கு. அந்தப் பின்னைப் போடாம ஓட்டினா யாரு சாவான்னு அவனே பார்த்துக்கட்டும். இதை அப்படியே சொல்லு. ஒரு எழுத்துக் குறையாம சொல்லு."

அவள் தலையாட்டினாள். இதை எங்கே வெட்டுவது? எந்த இடத்தில் கத்தரி வைத்தாலும் வசவும் விஷயமும் சேர்ந்தே வருகிறது. பின் என்றால் சாவு வருகிறது, சாவு என்றால் அப்பா வருகிறார். பகல் முழுக்க ஒரு கால்சட்டையைத் தப்பும் தவறுமாகத் தைத்துப் பிரித்துத் தைத்தாள்.

சாயங்காலம் சின்னவன் வந்தான். வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. முன்பக்கக் கண்ணாடியைத் துணியில் சுற்றிக் குழந்தையைப் போலத் தூக்கி வந்தான். அதை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, ஞாயித்துக்கிழமை அண்ணனை வரச் சொல்லுக்கா. நேர்ல பேசணும். அன்னிக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ராத்திரில தூக்கம் வர மாட்டேங்குது."

இதற்காகத்தானே இத்தனை நாள் அவள் வெட்டியதும் ஒட்டியதும்! இந்த நேரத்தில் அந்த நஞ்சை எடுத்து ஊற்றவா?

"அண்ணன் ஏதாச்சும் சொன்னானா?" என்று அவன் கேட்டான்.

"ஸ்டியரிங் வேலையை முடிச்சுட்டானாம். நல்லா வந்திருக்குன்னு சொன்னான்."

வாயிலிருந்து வந்தபிறகுதான் அவளுக்கே கேட்டது. சரி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நேரில் பேசப் போகிறார்கள், நட்டையும் பின்னையும் அவர்களே பேசிக்கொள்ள மாட்டார்களா என்று சமாதானம் செய்துகொண்டாள். நியாயமாகத்தான் பட்டது. பெரியவனுக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள்; தன் பங்கு வேலை முடிந்தது என்று சனிக்கிழமை காலை அவன் ஷெட்டுக்கு வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சின்னவன் காருக்கு அடியில் வெகுநேரம் படுத்துக் கிடந்தான். பிரேக் குழாயைப் பார்க்கிறேன் என்றான். அடியில் போனவன் கண்ணில் நட்டு படாமலா போகும் என்று இன்னொரு சமாதானமும் சேர்ந்துகொண்டது.

ஞாயிறு மத்தியானம் இன்ஜின் உயிர் பிடித்தது. முதலில் இருமல், அப்புறம் ஒரு வெடிச்சத்தம், அப்புறம் வீடே அதிர்கிற உறுமல். அலமாரியில் தட்டுகள் கிலுகிலுவென்று ஆடின. சின்னவன் கூரையைக் கழற்றிவிட்டு, காரை மெல்ல வெளியே எடுத்து, வாசல் கேட்டுக்கு முன்னால் தெருவில் நிறுத்தினான். எதிர்வீட்டுக்காரர்கள் பால்கனிக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

பெரியவன் தெருமுனையில் வந்துகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. காரைக் கண்டதும் நடை தளர்ந்தது. கிட்டே வந்து நின்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுக்குட்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏறுண்ணே," என்றான் சின்னவன். அவ்வளவுதான். அதைச் சொல்வதற்குள் அவன் குரல் உடைந்துவிட்டது.

பெரியவன் குனிந்து முன்சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தான். வெளியே நின்று பார்த்தால் அங்கே என்ன தெரியும்? சக்கரம்தான் தெரியும். "முன்பக்கமெல்லாம் பார்த்துட்டியா?"

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. எல்லாம் சுத்தமா இருக்கு. அக்கா எல்லாத்தையும் சொன்னா."

பெரியவன் அவள் பக்கம் திரும்பினான். "சொல்லிட்டேல்ல நடுக்குட்டி?"

சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு நிற்குமா? ஏன் சொல்லவில்லை என்பான். வேறு எதையெல்லாம் சொல்லவில்லை என்பான். நான் உன் வெல்டிங்கை எப்போடா மெச்சினேன் என்பான் தம்பியைப் பார்த்து. நான் எப்போ உன் உடம்பை விசாரித்தேன் என்பான் சின்னவன். நடுத்தெருவில், எதிர்வீட்டுக்காரர்கள் முன்னால், மறுபடியும் அந்தக் கத்தல். சின்னவன் அடியில் படுத்துப் பார்த்தானே, பார்த்திருப்பான், முறுக்கியிருப்பான், அவன் கெட்டிக்காரன். அவள் தலை தானாக ஆடியது, ஆமாம் என்று.

பெரியவன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். அவள் தைத்த சீட்டைக் கையால் ஒருதரம் தடவினான். பிறகு அந்தக் கையைத் தூக்கித் தம்பி தோளில் போட்டான். அப்பாவின் சாவுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

"ஒரு நிமிஷம் இருங்க!" என்று அவள் கூப்பிட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கார் கிளம்பிவிட்டது.

வீட்டுக்குள் ஓடினாள். ஷெட்டில் எண்ணெய்ப் புகை மண்டிக் கிடந்தது. பெரியவன் பெட்டியின் மூடிமேல், வைத்த இடத்தில் வைத்தபடி, அந்தப் பின் கிடந்தது. கொண்டை ஊசி மாதிரி ஒன்று, அவ்வளவுதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். சின்னவனுக்குப் போன் போட்டாள். அவன் போன் பக்கத்தில் பெஞ்சு மேலேயே அடித்தது. பெரியவனுக்குப் போட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கூரை இல்லாத வண்டி, காற்றில் எங்கே கேட்கப்போகிறது? மறுபடி போட்டாள். தெருவுக்கு ஓடிவந்து, எந்தப் பக்கம் போனார்கள் என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "பாலத்துப் பக்கம்மா. என்னா ஸ்பீடு!"

ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. சாமி, நட்டு கெட்டியா இருக்கட்டும், இந்த ஒருதரம் மட்டும் இருக்கட்டும் என்று சத்தம் போட்டே சொல்லிக்கொண்டு ஓடினாள். பாலத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில் ஆட்கள் கூடியிருப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். வளைவில் வண்டி திரும்பவில்லை. நேரே போய் மதில்சுவரில் மோதியிருந்தது, பெரியவன் உட்கார்ந்திருந்த பக்கமாக.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியவனைத் தள்ளுவண்டியில் வைத்து ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இஸ்திரிச் சட்டையை வெட்டி எடுத்திருந்தார்கள். அவள் கூடவே ஓடினாள். கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் வண்டி நின்றது. அவன் கண்ணைத் திறந்து அவளைத் தேடினான்.

"நட்டு," என்றான். மூச்சு வாங்கியது. "முறுக்கலை. சக்கரம் தனியாத் திரும்பிக்கிச்சு. நடுக்குட்டி, நீ அவன்கிட்ட சொன்னேதானே?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, அதன் முன்னால் நின்று நான்தான் என்று சொல்லும் தைரியம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது.

"சொன்னேண்ணே."

அவன் மேலே விளக்கைப் பார்த்தான். "அப்போ தெரிஞ்சேதான் ஏத்தியிருக்கான்," என்றான். கோபம் கூட இல்லை அதில். கண்ணை மூடிக்கொண்டான். வண்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்குவதற்குள் டாக்டர் வந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிறைய ரத்தம் போய்விட்டது என்றார், முடிந்ததையெல்லாம் செய்தோம் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். கத்தவில்லை, அழவில்லை. வராந்தாவின் மறுகோடியில் இருந்த அறைக்கு நடந்தாள், ஒற்றைச் செருப்போடு.

சின்னவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் தையல், கை கழுத்திலிருந்து தொங்கும் துணிக்கட்டில். அவனிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"எனக்கு ஒண்ணும் புரியலக்கா. திருப்பினேன், திரும்பல. அண்ணன் செஞ்ச வேலை, எப்படித் தப்பாப் போகும்?" அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அவனைப் பார்த்தியா? பேசினானா? என்ன சொன்னான்?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது.

"உனக்கு அடி ரொம்பவான்னு கேட்டான்."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"வழியில பேச்சை எடுத்தேன்க்கா, அதுக்குள்ள வளைவு வந்துடுச்சு. நீ போய்ச் சொல்லு. அப்பா விஷயத்துல நான் சொன்னது தப்புன்னு சொல்லு. மன்னிச்சுக்கச் சொல்லு. இப்பவே போய்ச் சொல்லுக்கா."

"சொல்லிடறேன்," என்று எழுந்தாள்.